பெயர் சொல்லாத அளவு: கச்சிலிருந்து கப் வரை

காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீசுவரர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி அதுதான். அதே ஊரில் காரைக்கால் அம்மையாருக்கும் கோயில் உண்டு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவன்று ஊரே தெருவில் நிற்கும். தமிழ்ச் சிற்பமும் இலக்கியமும் பெண்ணின் மார்பை எப்படிப் பார்த்தன என்று அறிய, பார்வதி, அம்மையார் என்னும் இந்த இரண்டு பெயர்களே போதும்.

சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் உமையின் மார்பு உருண்டு திரண்டு நிற்கும். பூமியின் ஈர்ப்பு அதைத் தொட்டதே இல்லை. அம்மையாரின் திருமேனி இதற்கு நேர் எதிர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கும் படிமங்களில் அவர் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். விலா எலும்பு தெரிகிறது, மார்பு வற்றித் தொங்குகிறது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் பெண்பேயை அவரே அப்படித்தான் வருணிக்கிறார். அழகு என்றால் சாயாத மார்பு, துறவு என்றால் வற்றிய மார்பு. இந்த இரண்டுக்கும் நடுவில், கனமாக, வியர்த்து, தோளை இழுத்துக்கொண்டிருக்கும் மார்பு ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் சுமப்பது அதைத்தான். அதற்குச் சிலையும் இல்லை, பாட்டும் இல்லை. கடைக்குப் போனால் அதற்கு அளவும் இல்லை. இந்த மூன்று இன்மைகளுக்கும் தொடர்பு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

*

கச்சு நமக்குப் புதிதில்லை. கச்சு, வார், வம்பு, கஞ்சுகம் என்று பழந்தமிழில் மார்புக்கட்டுக்குச் சொற்கள் பல. சிற்ப மரபிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரில் மார்பில் கச்சை கட்டியிருப்பவள் திருமகள், கட்டாதிருப்பவள் நிலமகள் என்று அடையாளம் காண்பது வழக்கம். அங்கே கச்சு தாங்குவதற்காக இல்லை, யார் யார் என்று தெரிவதற்காக. இலக்கியத்தில் அதன் வேலை இன்னும் வேறு. 1087ஆம் குறளில் வள்ளுவர், சாயாத மார்பின் மேல் கிடக்கும் துகிலை மதயானையின் முகபடாத்தோடு ஒப்பிடுகிறார். முகபடாம் யானையின் வசதிக்காகப் போடப்படுவதில்லை, எதிரே நிற்பவனின் பாதுகாப்புக்காகப் போடப்படுவது. துணி அவள் மேல் கிடந்தாலும் கவலை என்னவோ அவனைப் பற்றியதுதான்.

இன்றைய பெயர்களையும் பாருங்கள். பிரா என்பது பிரஞ்சுச் சொல்லான பிராசியேரின் சுருக்கம். அதன் வேர் ‘கை’ என்னும் பொருள் தரும் சொல். பிரஞ்சிலோ பிராசியேர் என்றால் கைக்குழந்தையின் உள்சட்டை. இந்த ஆடைக்குப் பிரஞ்சுக்காரர்கள் சொல்வது ‘சூத்தியேன்-கோர்ழ்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தொண்டைத் தாங்கி’. காரைக்காலில் நம் அம்மாமார் சொன்னது ‘பாடி’. உடம்பு என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அதில் இருக்கிறது. ஒரு மொழி கையைச் சொல்லியது, ஒரு மொழி தொண்டையைச் சொல்லியது, நாம் மொத்த உடம்பையும் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். மார்பை மட்டும் யாரும் சொல்லவில்லை. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலை நாம் மறந்திருக்க மாட்டோம். சங்கப்பாட்டில் ஆண் புலவர் பக்கத்துக்குப் பக்கம் எழுதிய சொல், பெண் தன் உடம்பைக் குறிக்க எடுத்ததும் ஆபாசமாகிவிட்டது. பெயர் சொல்ல முடியாத உறுப்பை அளக்க எப்படி முடியும்?

*

அளவுக்கு முன்னால் அனுமதி இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய போராட்டத்தைத் தோள்சீலைக் கலகம் என்று அறிவோம். மிஷனரிமாரின் மனைவியர் தைத்துக் கொடுத்த குப்பாயத்தை அணிந்துகொள்ளக் கிறித்தவ நாடார் பெண்களுக்கு 1814இல் அனுமதி வந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது. 1820களிலும், மீண்டும் 1858இலும் சந்தையில், தெருவில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வந்தது. எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதியாரைப் போல உடுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். எந்தத் துணி, எவ்வளவு முரடு, தோளில் எந்தப் பக்கம் என்று அரசாங்கம் அளந்து கொடுத்தது. உடுத்துகிறவளின் உடம்புக்கு எது பொருந்தும் என்ற கேள்வி அந்த ஆவணங்களில் எங்கும் இல்லை.

காவிரிக் கடைமடையில் அப்படியொரு பெயர் பெற்ற கலகம் நடக்கவில்லை. ஆனால் ரவிக்கையில்லாத பாட்டிகளைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பண்ணையில் நடவு நட்ட பெண்ணுக்கு ரவிக்கை மறுக்கப்பட்டது. அக்கிரகாரத்துக் கைம்பெண்ணுக்கும் அது மறுக்கப்பட்டது. காரணம் வேறு வேறாக இருந்தாலும் தீர்மானித்தவர் எங்குமே உடுத்துகிறவள் இல்லை. ஆகவே ரவிக்கை வந்தபோது அது மானமாக வந்தது. மானத்துக்கு அளவு தேவையில்லை, மூடினால் போதும். ரவிக்கைக்கு உள்ளே பாடி வந்தபோதும் இதே கணக்குதான் தொடர்ந்தது. மூடுகிறதா, தெரியாமல் இருக்கிறதா என்று கேட்டோம். தாங்குகிறதா என்று கேட்கவில்லை.

*

மேற்கில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முன்னோடி ஒரு பெண் தையற்காரர். பாரிஸ் கம்யூன் காலத்தின் கலகக்காரரான எர்மினி கதோல், அது நசுக்கப்பட்ட பின் அர்ஜென்டினாவுக்குப் போய் உள்ளாடைக் கடை வைத்தார். இடுப்பிலிருந்து மார்பு வரை இறுக்கிய கார்செட்டை இரண்டாக வெட்டி, மேல்பகுதியைத் தோளில் பட்டை வைத்துத் தாங்கச் செய்தார். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது காட்டப்பட்டது. 1914இல் நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டையும் ரிப்பனும் வைத்துத் தைத்ததற்குக் காப்புரிமை வாங்கினார். அது மெல்லிய உடல்வாகுக்கானது. கனத்த மார்பைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. 1920கள் தட்டையான மார்பை நாகரிகம் என்றன. அதற்கு எதிர்த்திசையில் ஈடா ரோசந்தாலும் ஈனிட் பிசெட்டும் தங்கள் கடையில் தைத்த கவுன்களுக்குள்ளேயே இரண்டு குழிவுகளை வைத்துத் தைத்தார்கள். மெய்டன்ஃபார்ம் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

எழுத்து வந்தது 1932இல். எஸ்.எச். கேம்ப் என்னும் அமெரிக்க நிறுவனம் மார்பின் பருமனை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தது. அது மருத்துவத் தாங்காடைகள் செய்துவந்த நிறுவனம் என்பது கவனிக்க வேண்டியது. 1930களின் இறுதிக்குள் மற்ற நிறுவனங்களும் அந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டன. டிதான் எல்லை என்று அன்று நினைத்தார்கள். டிக்கு மேல் ஒரு மார்பு வந்தபோது டிடி, டிடிடி என்று அதே எழுத்தை அடுக்கினார்கள். பெரிய மார்பு ஓர் அளவாகப் பிறக்கவில்லை, விதிவிலக்காகப் பிறந்தது. இன்றும் கடையில் அது விதிவிலக்காகவே நிற்கிறது.

‘சராசரி’ யாருடையது என்பதும் அந்தக் காலத்தில்தான் முடிவானது. 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, ஆயத்த ஆடைகளுக்கான அடிப்படைத் தகவலை 1941இல் வெளியிட்டது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 25,000 பேரை அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை அறிவித்தபோது கொல்கத்தா, மும்பை, தில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று ஆறு நகரங்கள் அதில் இருந்தன. திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிறது. அந்தத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நகரமும் அந்தப் பட்டியலில் இல்லை.

*

இனி கணக்குக்கு வருவோம். அளவில் எண் ஒன்று, எழுத்து ஒன்று. எண் மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றும் பட்டையின் அளவு. எழுத்து, மார்பின் முழுச்சுற்றுக்கும் அந்தப் பட்டைக்கும் உள்ள வேறுபாடு. ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டிடி, ஆறு இ. எழுத்துக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 32 டியின் குழிவும் 34 சியின் குழிவும் 36 பியின் குழிவும் ஏறத்தாழ ஒன்றே. “டி கப்பா!” என்று வாயைப் பிளப்பவருக்கு இது தெரியாது.

பழைய முறையில் விலாச் சுற்றோடு நான்கு, சில சமயம் ஐந்து அங்குலம் கூட்டிப் பட்டை எண்ணைச் சொன்னார்கள். இழுபடாத பருத்தித் துணியின் காலத்துக் கணக்கு அது. மூச்சு விட இடம் வேண்டுமே. 1958இல் ஸ்பான்டெக்ஸ் இழை கண்டுபிடிக்கப்பட்டது. பட்டை ரப்பரைப் போல இழுபடத் தொடங்கியது, ஆனால் கூட்டல் மட்டும் நிற்கவில்லை. அதன் விளைவைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு விலாச் சுற்று 34 அங்குலம், மார்புச் சுற்று 40. நான்கைக் கூட்டினால் பட்டை 38, வேறுபாடு 2. அவள் கையில் 38 பி வந்துவிடும். கூட்டாமல் பார்த்தால் 34, வேறுபாடு 6, அதாவது 34 இ. 38 பியின் குழிவு 34 டிக்குச் சமம். அவளுக்குத் தேவையானதைவிட இரண்டு படி சிறியது. பட்டை நான்கு அங்குலம் தளர்வு, கப் இரண்டு படி இறுக்கம்.

மார்பின் கனத்தைத் தாங்க வேண்டியது பட்டைதான், தோள்வார் இல்லை. பட்டை தளர்ந்தால் அது முதுகில் மேலேறும், முன்னால் மார்பு கீழிறங்கும். கனம் முழுக்கத் தோளுக்குப் போய், வார் பதிந்த இடம் பள்ளமாகும். கழுத்து வலிக்கும். மார்புக்கடியில் வியர்வை தேங்கி வேர்க்குருவும் புண்ணும் வரும். கடலோரப் புழுக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. “உனக்கு ரொம்பப் பெருசுடி” என்று சொல்லிச் சொல்லி, பதின்மூன்று வயதுப் பிள்ளை கூன் போட்டு நடக்கக் கற்கிறாள். பிறகு கபடியை விடுகிறாள், ஓடுவதை விடுகிறாள். பட்டையின் பிழை அவள் உடம்பின் பிழையாகிவிடுகிறது.

காரைக்காலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1739இலிருந்து 1954 வரை பிரஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரஞ்சுக் குடியுரிமை பெற்ற சொல்தா குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பாரிசிலிருந்து வரும் சித்தியோ அத்தையோ பெட்டியைத் திறந்தால் சாக்லெட்டுக்கு அடியில் உள்ளாடைகளும் இருக்கும். அவற்றில் 90, 95 என்று அச்சாகியிருக்கும். 90 என்றால் 90 சென்டிமீட்டர், அதாவது 36 அங்குலம் என்று நினைத்து நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். மூச்சு முட்டும். பிரஞ்சுக் கணக்கு விலாச் சுற்றோடு 15 சென்டிமீட்டரைக் கூட்டிச் சொல்வது. பிரஞ்சின் 90, ஐரோப்பாவின் பிற நாடுகளில் 75, ஆங்கிலேயர் பட்டியலில் 34, மூன்றும் ஒரே பட்டைதான். இவற்றில் 75 மட்டுமே விலா எலும்பின் நேர் அளவு. 90உம் 34உம் கூட்டலில் பிறந்தவை. எழுத்தும் மாறும். ஆங்கிலேயரின் இ பிரஞ்சில் எஃப். ஒரே ஆடை இங்கிலீஷ்காரிக்கு 34 இ, பிரஞ்சுக்காரிக்கு 90 எஃப். எண் என்பது இயற்கை தந்த உண்மை என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எனவே அட்டையில் உள்ளதை நம்புவதைவிட உடம்பைக் கேட்பது மேல். மூச்சை வெளியே விட்டு, மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். பிறகு இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, மார்பின் நிறைந்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். கனத்த மார்புக்கு நிமிர்ந்து நின்று எடுத்த அளவு குறைவாகவே காட்டும். வந்த எண் தொடக்கம் மட்டுமே. போட்டுப் பார்க்கையில் புதிய பிராவின் கடைசிக் கொக்கி, அதாவது மிகத் தளர்ந்தது, பொருந்த வேண்டும். நாளாக ஆகத் துணி தளரும்போது உள்கொக்கிக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. தோள்வாரைக் கழற்றிவிட்டாலும் பட்டை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள பகுதி நெஞ்செலும்பில் படிய வேண்டும். கம்பி இருந்தால் அது மார்பின் மேல் ஏறாமல் மார்பைச் சுற்றி அமர வேண்டும். மேல் விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறிது, எழுத்தைக் கூட்டுங்கள். பட்டை மட்டும் இறுக்கமென்றால் எண்ணை ஒரு படி ஏற்றி எழுத்தை ஒரு படி இறக்குங்கள். 34 இ இறுக்கினால் 36 டிடி.

இதையெல்லாம் போட்டுப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? நம் ஊர்க் கடைகளில் பிராவைப் போட்டுப் பார்க்க இடம் தருவது அபூர்வம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஆணிடம் எண்ணை மட்டும் தணிந்த குரலில் சொல்கிறோம். எழுத்தைக் கேட்பதில்லை. கேட்டாலும் பியைத் தாண்டிச் சரக்கு இருப்பதில்லை. ஒருமுறை நான் இ கப் கேட்டபோது, கடைப்பையன் நாற்பத்திரண்டை எடுத்துப் போட்டு, “இதான்க்கா இருக்கறதுலயே பெருசு” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த பெருசு ஒரே ஒரு வகைதான். கேட்பார் இல்லாததால் கடை வைப்பதில்லை, கடையில் இல்லாததால் நாம் கேட்பதில்லை. இந்த வட்டத்தை உடைக்காமல் பெரிய கப் கோவில்பத்துக்கு வராது.

*

இத்தனைக்கும் இந்த அறிவு நம் தையல்காரப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டோரி பிளவுஸ் தைக்கத் தெரியாத தையற்கடை இல்லை. கட்டோரி என்றால் இந்தியில் கிண்ணம், அதாவது கப். தட்டைத் துணியை மூன்று துண்டாக வெட்டி, டாட் பிடித்து, மார்பின் வளைவுக்குக் குழிவு உண்டாக்கும் வடிவியல் அது. பிராவின் கப்பும் அதே வடிவியல்தான். துண்டு கூடக் கூடக் குழிவு ஆழமாகும், தாங்கும் வலுவும் கூடும். அதனால்தான் கனத்த மார்புக்கு, அச்சில் வார்த்த நுரைக் கப்பைவிடத் தையல் போட்ட கப் நன்றாக நிற்கிறது.

இருந்தும் அந்தத் தையற்கடைக்கு நாம் உடம்போடு போவதில்லை. அளவு ரவிக்கையோடு போகிறோம். “இதே அளவுக்குத் தைச்சிடுங்க” என்று பழைய ரவிக்கையை நீட்டுகிறோம். டேப் உடம்பில் படாமல் ஒரு வாழ்நாளே கழிந்துவிடுகிறது. கல்யாணத்துக்குத் தைத்த அளவில் இரண்டு பிள்ளை பெற்ற உடம்பை நுழைக்கிறோம். மார்பு ஒரே அளவில் நிற்கும் உறுப்பில்லை. மாதவிலக்குக்கு முன் ஓர் அளவு, கர்ப்பத்தில் ஓர் அளவு, பால் கொடுக்கையில் ஓர் அளவு, மாதவிலக்கு நின்ற பின் இன்னோர் அளவு. அளவு ரவிக்கை நிலைத்து நிற்பது, உடம்பு அப்படி நிற்பதில்லை.

அளக்காத இடத்தில் பயம் குடியேறும். கறுப்புப் பிரா போட்டால் புற்றுநோய், கம்பி வைத்தது போட்டால் புற்றுநோய் என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்ட நூல் ஒன்று 1995இல் அமெரிக்காவில் வந்தது. 2014இல் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிலக்கு நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் கப் அளவு, கம்பி, தினம் எத்தனை மணிநேரம் என்றெல்லாம் விசாரித்தது. எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பிராவின் நிறத்துக்குப் பயப்படுகிறவள் தன் மார்பைத் தொட்டுப் பார்க்கவும் கூசுகிறாள். கட்டி இருந்தால் அது விரலுக்குத் தட்டுப்படாமலே வளர்கிறது. நம் கூச்சத்தின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெண்ணியவாதிகள் பிராவை எரித்தவர்களாயிற்றே, அவர்களுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பவர் உண்டு. 1968 செப்டம்பர் 7 அன்று அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டிக்கு எதிராகக் கூடியவர்கள் பிரா, இடுப்பிறுக்கி, குதிகால் செருப்பு, தரை துடைப்பான் எல்லாவற்றையும் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார்கள். எதுவும் எரிக்கப்படவில்லை. எரித்த கதை பத்திரிகைகள் வளர்த்தது. வேண்டாதவள் போடாமல் இருக்கட்டும், அது அவள் உரிமை. போடுகிறவள் வலியில்லாமல் போடட்டும், அதுவும் உரிமைதான். வயலில் குனிந்து நடவு நடுகிறவள், மீன்கூடையைத் தலையில் ஏற்றுகிறவள், கல்லூரியில் ஐந்து மணிநேரம் நின்று பாடம் நடத்துகிறவள் ஆகியோருக்கு இது அழகின் கேள்வியே இல்லை. வேலைக் கருவியின் கேள்வி.

அரிவாளுக்குப் பிடி பொருந்தவில்லையென்றால் கொல்லரிடம் திருப்பிக் கொடுக்கிறோம். கையைக் குறை சொல்வதில்லை. டேப் வீட்டில் தையல் பெட்டியில்தான் கிடக்கிறது. இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்கும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை கடையில் எழுத்தையும் சேர்த்து, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.